எழுந்து நிற்கும் வலிமை: தொடைத் தசையை எந்த வயதிலும் வளர்க்கலாம்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், கல்லலை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து 72 வயதுடைய ஆச்சி ஒருவரை அவருடைய மகனும் மருமகளும் சக்கர நாற்காலியில் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்து வந்தனர். நுரையீரல் தொற்றுக்காக 12 நாள் படுக்கையில் இருந்து தேறியவர் அவர். காய்ச்சல் நின்றுவிட்டது, இருமல் இல்லை, பசியும் திரும்பியிருந்தது. ஆனால் கழிப்பறையிலிருந்து தாமாக எழ முடியவில்லை. வாசற்படியைத் தாண்டித் திண்ணைக்கு வரவும் இருவர் தாங்கிப்பிடிக்க வேண்டியிருந்தது. முழங்கால் தேய்ந்துவிட்டது, அறுவை சிகிச்சை தேவைப்படுமோ என்று குடும்பத்தார் அஞ்சினர்.

“ஆத்தாவை நாங்க ஒரு வேலையும் செய்ய விடுறதில்லை, டாக்டர். எந்திரிக்கணும்னா நாங்களே தூக்கி விட்டுருவோம்” என்றார் மகன். அவர் சொன்னதில் அன்பு இருந்தது. எங்களுக்கு வேண்டிய விடையும் அதிலேயே இருந்தது. ஆச்சியின் மூட்டில் சிறிது தேய்மானம் இருந்தது உண்மையே. ஆயினும் அவர் எழ முடியாமைக்கு முதற்காரணம் மூட்டன்று. தொடைத் தசை மெலிந்து போயிருந்தது.

தொடைத் தசையைப் பெரிதாக்குவது என்றால், உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் இளைஞர்களின் ஆசை என்றே பலரும் எண்ணுகின்றனர். நோயிலிருந்து மீண்டவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது இன்னும் இன்றியமையாதது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

தொடை செய்யும் வேலை

தொடையின் முன்புறம் நான்கு தசைகள் ஒரு தொகுதியாக அமைந்துள்ளன. குவாட்ரிசெப்ஸ் எனப்படும் இத்தொகுதி முழங்காலை நீட்டுகிறது. பின்புறம் ஹாம்ஸ்ட்ரிங்ஸ் எனப்படும் மூன்று தசைகள் முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னோக்கி நீட்டுகின்றன. உட்புறத் தசைகள் இரு கால்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுத்து, உடலைச் சாயாமல் காக்கின்றன. உட்கார்ந்து எழுதல், படியேறுதல், தடுக்கினால் சமாளித்து நிற்றல் ஆகிய அனைத்தும் இத்தசைகளையும் புட்டத் தசையையும் நம்பியே நடைபெறுகின்றன.

முழங்கால் மூட்டின் மேல் விழும் அதிர்வை முதலில் தாங்குவதும் தொடைத் தசையே. அது வலுத்தால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் வலி குறைகிறது. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை இன்சுலின் தூண்டுதலால் உள்வாங்குவது உடலின் தசைகள்தாம். அவற்றுள் பெரியவை தொடையிலும் புட்டத்திலும் உள்ளன. ஆகவே நீரிழிவு நோயாளிகளுக்குத் தொடை வலிமை மருந்துக்குத் துணை நிற்கிறது.

தசை ஏன் மெலிகிறது?

ஐம்பது வயதிற்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு தசை குறைகிறது. வலிமை அதனினும் விரைவாகக் குறைகிறது. இந்நிலைக்கு 1989ஆம் ஆண்டு இர்வின் ரோசன்பர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் சார்கோபீனியா என்று பெயரிட்டார். முதுமையில் ஆண்டுக்கணக்கில் நேரும் இவ்விழப்பு படுக்கையில் சில நாள்களிலேயே நேர்ந்துவிடுகிறது. நலமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்த ஓர் ஆய்வு 2007இல் அமெரிக்காவில் வெளியானது. அவர்கள் கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ தசைத் திசுவை இழந்திருந்தனர். நலமானவர்களுக்கே இவ்வளவு என்றால், காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்த நோயாளிக்கு இழப்பு மேலும் மிகும்.

இழந்தது திரும்புமா?

திரும்பும். இரண்டாம் உலகப் போரில் முழங்காலில் காயமுற்ற வீரர்களுக்குத் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ மருத்துவர் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை அளித்தார். மெலிந்த தொடைக்கு இலேசான பயிற்சியே போதும் என்று அக்காலத்தவர் கருதினர். அவரோ காலில் எடை கட்டி உயர்த்தச் செய்து, அந்த எடையைப் படிப்படியாகக் கூட்டினார். நலிந்த தொடைகள் பருத்தன. வீரர்கள் விரைந்து தேறினர். இம்முறையை அவர் 1945இல் வெளியிட்டார். இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் பின்பற்றப்படும் பத்துப் பத்தாக மூன்று சுற்று என்னும் வழக்கம் அவர் காட்டிய வழியில் வந்ததே.

1990ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்து மருத்துவர் மரியா பியாதரோனும் குழுவினரும் முதியோர் காப்பகம் ஒன்றில் 10 பேரைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களின் சராசரி வயது 90. எட்டு வாரம் தொடைக்கு எடைப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்த 9 பேரின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. தொடை நடுவில் அளக்கப்பட்ட தசைப் பரப்பும் 9 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதில் வளரும் தசை எழுபதில் வளராதா என்று நோயாளிகளிடம் நாங்கள் கேட்பது இதனால்தான்.

நம் ஊர் வாழ்வில் இருந்த பயிற்சி

நம் முன்னோர் தொடைக்கெனத் தனியே பயிற்சி செய்ததில்லை, தேவையும் இருக்கவில்லை. அரிவாள்மனை முன் அமர்ந்து காய் நறுக்கினர். பந்தியில் தரையில் அமர்ந்து உண்டு எழுந்தனர். வயலில் குனிந்தும் குந்தியும் வேலை செய்தனர். செட்டிநாட்டு வீடுகளில் வாசற்படி, திண்ணை, வளவு என்று நாள் முழுதும் ஏறி இறங்கினர். பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர் முன் போடும் தோப்புக்கரணமும், குன்றக்குடி மலைப்படிகளும், தைப்பூசத்திற்குப் பழநிக்குச் செல்லும் நடைப்பயணமும் அவர்கள் தொடைக்கு வேலை தந்தன.

இன்று நாற்காலி, மேசை, கட்டில், மேற்கத்தியக் கழிப்பறை ஆகியவை வந்துவிட்டன. இவற்றைக் குறைகூற இயலாது. மூட்டு நோயாளிகளுக்கு இவை தேவையே. ஆனால் வாழ்வில் இருந்து நீங்கிய உழைப்பைப் பயிற்சியாகத் திரும்பக் கொண்டுவருவது நம் பொறுப்பு.

வீட்டில் தொடங்கும் முறை

முதலில் உங்கள் நிலையை அறியுங்கள். சுவரோடு சேர்த்து வைத்த நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து அமருங்கள். துணைக்கு ஒருவர் அருகில் நிற்கட்டும். 12 வினாடிக்கு மேல் ஆனால் தொடை வலிமை குறைந்திருக்கலாம் என்று ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வகுத்துள்ளது. ஆச்சியால் முதல் நாளில் இரண்டு முறைக்கு மேல் எழ முடியவில்லை.

படுக்கையில் இருப்பவர்கள்: முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும் வரை தொடையை இறுக்கித் தளர்த்துங்கள். காலுக்குப் பத்து முறை. பின்னர் இரு முழங்கால்களையும் மடக்கி, பாதங்களைப் படுக்கையில் ஊன்றி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள்.

அமர முடிந்தவர்கள்: நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, மூன்று எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். எளிதானபின் அரைக் கிலோ மணலைத் துணிப்பையில் கட்டிக் கணுக்காலில் சுற்றிக்கொள்ளுங்கள்.

நிற்க முடிந்தவர்கள்: நாற்காலியிலிருந்து எழுந்து அமருவதே சிறந்த பயிற்சி. பாதங்கள் தோள் அகலத்தில் இருக்கட்டும். எழும்போது மூச்சை வெளிவிடுங்கள், அடக்க வேண்டாம். அமரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள்; தசை வளர அந்த இறக்கமும் உதவுகிறது. அடுத்து, திண்ணைத் தூணையோ கைப்பிடியையோ பற்றிக்கொண்டு ஒரு படி ஏறி இறங்கலாம்.

எட்டு முதல் பத்து முறை ஒரு சுற்று. ஒன்றில் தொடங்கி மூன்று சுற்றுகளுக்கு வாருங்கள். ஒவ்வொரு சுற்றின் இறுதியிலும் இன்னும் இரண்டு மூன்று முறையே முடியும் என்ற களைப்பு வர வேண்டும். அந்தக் களைப்பு இல்லாவிடில் தசைக்கு வளரத் தூண்டுதல் இல்லை. பன்னிரண்டு முறை எளிதாகிவிட்டால் உயரம் குறைந்த இருக்கைக்கு மாறுங்கள். அல்லது ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பயிற்சியின் பின் ஒன்றிரண்டு நாள் ஓய்வில்தான் தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

முதல் சில வாரங்களில் வலிமை கூடும், அளவு கூடாது. நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்ளும் காலம் அது. பருமன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். முழங்கால் சில்லுக்கு மேல் 15 செ.மீ. உயரத்தில் மாதம் ஒருமுறை நாடாவால் சுற்றளவை அளந்து குறித்து வாருங்கள்.

வடிவத்தை விரும்பும் இளையோருக்கு

நோயாளிகளுடன் வரும் இளைஞர்களும் எங்களிடம் ஐயம் கேட்பதுண்டு. மார்புக்கும் கைக்கும் மட்டும் பயிற்சி செய்து தொடையை விட்டுவிடுவது பலரிடம் காணும் பிழை. முன்தொடை, பின்தொடை, புட்டம் மூன்றுக்கும் பயிற்சி இருந்தால்தான் வடிவம் சீராக அமையும்; முழங்காலும் காக்கப்படும். தொடைப் பயிற்சியால் தொடைக் கொழுப்பு மட்டும் தனியே கரையாது. கொழுப்பு உடல் முழுவதிலுமிருந்தே குறையும். அதற்கு உணவும் நடையும் வேண்டும். விரைவில் பருக்க வைப்பதாகச் சொல்லி விற்கப்படும் ஊசிகளையும் பெயர் தெரியாத மாத்திரைகளையும் தொடாதீர்கள். அவற்றிலுள்ள ஸ்டீராய்டுகள் இதயத்தையும் கல்லீரலையும் ஆண்மையையும் கெடுக்கின்றன.

உணவு

பயிற்சி தூண்டுகிறது, புரதம் கட்டுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது வல்லுநர் கருத்து. 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு 60 கிராமுக்குக் குறையலாகாது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 கிராம், 100 கிராம் மீனில் 18 கிராம், சமைக்காத 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேல் உள்ளன. காலையில் இடியாப்பமும் இரவில் கஞ்சியும் மட்டும் உண்ணும் முதியவருக்கு இவ்வளவு சேராது. இடியாப்பத்தோடு ஒரு முட்டை, மாலையில் பயறுச் சுண்டல், இரவில் பால் என்று வேளைதோறும் பகிர்ந்து கொடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டலாகாது.

நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

மார்பு வலி, மயக்கம், மிகுந்த மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு வாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது இரத்த உறைவாக இருக்கலாம், பயிற்சி செய்யலாகாது. ஒரு தொடை மட்டும் விரைவாக மெலிந்தாலும், உடல் எடை காரணமின்றிக் குறைந்தாலும் பரிசோதனை தேவை. பழக்கமில்லாமல் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போட்டபின் கடும் தசைவலியும் கறுத்த சிறுநீரும் வந்தால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். இது அவசர நிலை. இதய நோய், அண்மையில் அறுவை சிகிச்சை, கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எங்களைக் கேட்டபின் தொடங்குங்கள். வெளியில் வர இயலாதவர்களுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

குடும்பத்தாருக்கு

ஆச்சியின் மகனிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றே: “தூக்கி விடாதீர்கள், அருகில் நில்லுங்கள்.” அது அவருக்குக் கடினமாகவே இருந்தது. தாய் திணறுவதைக் கண்டும் கை நீட்டாமல் நிற்பது எந்தப் பிள்ளைக்கும் எளிதன்று. ஆனால் நாம் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அவருடைய தொடைக்குரிய வேலையை நம் கை பறித்துக்கொள்கிறது. விழாமல் காப்பது நம் கடமை. எழுவது அவருடைய உரிமை.

மூன்று மாதத்திற்குப் பின் ஆச்சி வந்தபோது 14 வினாடியில் ஐந்து முறை எழுந்து அமர்ந்தார். தொடைச் சுற்றளவு ஒன்றரை செ.மீ. கூடியிருந்தது. முழங்கால் வலி முற்றிலும் நீங்கவில்லை. தரையில் அமர்ந்து எழ இன்னும் இயலவில்லை. ஆயினும் கழிப்பறைக்கு ஒருவரையும் அழைப்பதில்லை என்றார். காலையில் தாமே வாசற்படி தாண்டித் திண்ணைக்கு வருகிறார் என்று மருமகள் சொன்னார். அடுத்த மாதத்திற்கு அரைக் கிலோ மணலை ஒரு கிலோவாக்கி எழுதிக் கொடுத்தோம்.