தாத்தாவின் கண்ணாடி எங்கே?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 2019-இல் வந்தபோது, 1979-இலும் பார்த்தவர்கள் ஊரில் பலர் இருந்தார்கள். அன்றைய கூட்டத்தில் யார் கையைப் பிடித்து நின்றோம் என்பதுவரை சொல்வார்கள். அவர்களிடமே, "தாத்தா, கண்ணாடியை எங்கே வச்சீங்க?" என்று கேட்டால் முழிப்பார்கள்!

ஏன் இப்படி? மூளையில் நினைவு வேலையைப் பல பகுதிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு விஷயத்தைச் சில விநாடிகள் மனதில் பிடித்துவைப்பது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் வேலை. முதுமையில் எளிதில் தளர்வது இதுதான். குரங்குக்கும் அப்படியே.

வட இந்தியாவின் செம்முகக் குரங்கு, நம் ஊர்க் கோயில் குரங்குக்குப் பங்காளி. அதற்கு ஒரு வயது கூடுவது நமக்கு மூன்று வயது கூடுவது மாதிரி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டன் குழுவினர் இந்தக் குரங்குகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். திரையில் ஓரிடத்தில் விளக்கு மின்னி அணையும். சில விநாடி பொறுத்து, அது மின்னிய இடத்தைக் குரங்கு பார்க்க வேண்டும். முடிவுகள் 2011-இல் வெளிவந்தன.

விளக்கு எரியும்போது துடிக்கும் செல்கள் கிழட்டுக் குரங்கிடமும் நன்றாகவே வேலை செய்தன. ஆக, கண்ணில் குறையில்லை. விளக்கு அணைந்த பிறகும் துடித்துக்கொண்டே இருக்க வேண்டிய செல்கள்தான் சோர்ந்துபோயின.

இந்தச் செல்கள் ஒன்றையொன்று தட்டியெழுப்பியே விழித்திருக்கின்றன. கோர்வைச் சேலைத் தறியில் நெசவாளரும் துணையாளும் மாறி மாறி நாடா தள்ளுவார்களே, அப்படி. ஒருவர் தூங்கி வழிந்தால் கரை நெய்வது நின்றுவிடும். வயதானால் செல்லின் சுவரில் உள்ள பொட்டாசியக் கதவுகள் அளவுக்கு மீறித் திறந்து, துடிப்பை அடக்கிவிடுகின்றன. செல்கள் கூட்டமாகச் செத்துவிட்டன என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. இரத்த அழுத்தத்துக்காக வந்த குவான்ஃபசின் என்ற மருந்தை அந்தச் செல்களின் அருகே துளியூண்டு விட்டதும் அவை மறுபடி சுறுசுறுப்பாயின. (ஆய்வுக்கூடத்தில்தான். மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள்!)

வீட்டில் சோதித்துப் பாருங்கள். தாத்தாவிடம் 4, 9, 2, 7, 3 என்று சொல்லி, பின்னாலிருந்து திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து உங்கள் முறை. நடுவில் தம்பி டிவியைப் போட்டுவிட்டால் உங்கள் எண்களும் பறந்துவிடும், ஜாக்கிரதை!