பேர்ல் ஹார்பரில் முதலில் சுட்ட கப்பல்

பேர்ல் ஹார்பர் என்றதும் அதைத் தாக்கிய ஜப்பானிய விமானங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தாக்குதல் நாளன்று காலை முதலில் சுட்டது அமெரிக்காதான். சுட்ட கப்பலின் பெயர் ‘வார்டு’. அப்போது அதற்கு வயது 23.

வார்டு ஒரு நாசகாரிக் கப்பல். பெரிய போர்க்கப்பல்களை மிரட்டிய டார்பிடோ படகுகளைத் துரத்தி அழிக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தது இந்த இனம். கனத்த கவசம் கிடையாது; வேகமே காப்பு. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் நீர்மூழ்கிகளை வேட்டையாடும் பொறுப்பும் இவற்றின் தலையில் விழுந்தது. அதற்காக அமெரிக்கா கட்டிக் குவித்த விக்ஸ் வகைக் கப்பல்கள் மட்டும் 111. வார்டு அவற்றில் ஒன்று.

கலிபோர்னியாவின் மேர் ஐலண்ட் கப்பல் தளத்தில் 1918 மே 15 அன்று கட்டுமானம் தொடங்கியது. ஜூன் 1 அன்று கப்பல் தண்ணீரில் இறங்கிவிட்டது! நீளம் சுமார் 96 மீட்டர், நான்கு புகைபோக்கிகள், நான்கு 4 அங்குலப் பீரங்கிகள், 12 டார்பிடோ குழாய்கள். வேகம் 35 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 65 கி.மீ.

இத்தனை அவசரமாகக் கட்டியும், அந்த நவம்பரிலேயே போர் முடிந்துவிட்டது. 1921இல் ஓய்வு பெற்ற வார்டு, 1941 ஜனவரியில்தான் மீண்டும் பணிக்கு வந்தது. மினசோட்டா மாநிலத்தின் ரிசர்வ் வீரர்கள் பலர் அதில் ஏறினார்கள். ஹவாயின் பேர்ல் ஹார்பர் துறைமுக வாயிலில் ரோந்து செல்வது வேலை.

1941 டிசம்பர் 7, காலை 6:45 மணி. கேப்டன் வில்லியம் அவுட்டர்பிரிட்ஜ், துறைமுகத்துக்குள் நுழையப் பார்த்த ஜப்பானின் குட்டி நீர்மூழ்கி ஒன்றைச் சுட உத்தரவிட்டார். முதல் குண்டு தவறியது. மூன்றாம் எண் பீரங்கியின் குண்டு நீர்மூழ்கியின் கோபுரத்தில் பாய்ந்தது. 6:53க்குக் கரைக்குத் தகவலும் போனது. அதிகாரிகள் உறுதிப்படுத்தக் கேட்டுக்கொண்டிருந்தபோதே நேரம் கரைந்தது. எட்டு மணிக்குச் சற்று முன் விமானங்கள் வந்துவிட்டன.

பின்னர் துருப்புகளை ஏற்றிச்செல்லும் கப்பலாக மாற்றப்பட்ட வார்டு, 1944 டிசம்பர் 7 அன்று, சரியாக மூன்று ஆண்டு கழித்து, பிலிப்பைன்ஸின் ஓர்மோக் விரிகுடாவில் ஜப்பானின் காமிகாசி எனும் தற்கொலை விமானத் தாக்குதலில் தீப்பற்றியது. தீயை அணைக்க முடியாததால் ‘ஓ’பிரையன்’ என்ற நாசகாரி அதைச் சுட்டு மூழ்கடித்தது. அப்போது ஓ’பிரையனின் கேப்டன் அதே அவுட்டர்பிரிட்ஜ்!

வார்டு நீர்மூழ்கியை மூழ்கடித்தது உண்மைதானா என்ற ஐயம் 60 ஆண்டுகள் நீடித்தது. 2002இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 400 மீட்டர் ஆழத்தில் அந்தக் குட்டி நீர்மூழ்கியைக் கண்டுபிடித்தார்கள். பீரங்கி வீரர்கள் சொன்ன இடத்திலேயே குண்டு துளைத்த ஓட்டை இருந்தது.