கண்டி மலையும் வெளியூர்க் குதிரையும்

கண்டியின் விலங்கு யானை. எசல பெரஹரா ஊர்வலத்தில் புனிதப் பேழையைச் சுமந்து வருவதும் அதுதான், ஊர்க் கதைகளில் வருவதும் அதுதான். குதிரைக்கு இந்த ஊரில் பூர்வீக வீடு கிடையாது. 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் இந்த மலைநாட்டிலேயே வாழ்ந்து, 1679இல் தப்பிப்போன ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் நாட்டு விலங்குகளை வரிசையாகச் சொல்கிறார். யானை, எருமை, மான், கரடி எல்லாம் சொன்ன பிறகு, இங்கே இல்லாதவை என்று ஒரு சிறு பட்டியலும் தருகிறார். சிங்கம், ஓநாய், கழுதை, செம்மறி ஆகியவற்றோடு குதிரையும் அதில் இருக்கிறது.

இன்று நிலைமை மாறிவிட்டது. திகனைப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய கோல்ஃப் விடுதியில் குதிரைச் சவாரி உண்டு. நுவரெலியாவில் கிரகரி வாவிக்கரையில் மட்டக்குதிரைகள் பிள்ளைகளைச் சுமந்து வலம் வருகின்றன. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு மலைப்பாதையையும் பழங்கோயில்களையும் குதிரைமேல் இருந்தே பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் நம்மைச் சுமக்கப்போகிற விலங்கு இந்த மண்ணுக்கு விருந்தாளி. அதன் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு ஏறினால் சவாரி நமக்கும் சுகம், அதற்கும் சுகம்.

கப்பலில் வந்த விலங்கு

இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் குதிரை கடல்வழியாக வந்த சரக்கு. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. ஈழத்து உணவு வந்ததையும் அதே பாட்டு சொல்கிறது. அனுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட தமிழர்களான சேனனும் குத்திகனும் குதிரை கொண்டுவந்த வணிகன் ஒருவனின் மக்கள் என்பது மகாவம்சம் தரும் செய்தி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் அங்கே குதிரைகள் வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்துப்போவதையும், நல்ல சாதிக் குதிரைக்கும் இங்கே சோனிக்குட்டிதான் பிறக்கிறது என்பதையும் எழுதிவைத்தார்.

கண்டி ராச்சியத்தில் தடை இன்னொன்று. அங்கே அகலமான பாதையே இல்லை. அது வறுமையால் அல்ல, திட்டமிட்ட பாதுகாப்பு. காட்டை அடர்த்தியாக விட்டுவைத்து, ஒற்றையடிப் பாதைகளின் குறுக்கே முள் வாயில் அமைத்துக் காவல் போட்டார்கள். ஆற்றுக்குப் பாலம் கட்டவில்லை. சரக்கெல்லாம் பொதிமாடுகளின் முதுகில் போயிற்று. கன்னொறுவையில் 1638இல் போர்த்துக்கேயப் படை அழிந்ததற்கு இந்த நில அமைப்பும் ஒரு காரணம். பள்ளத்தாக்கைக் காவல் காத்த பலன கோட்டையின் இடிபாடுகள் கடுகண்ணாவைக்கு அருகே குன்றின்மேல் இன்னும் இருக்கின்றன. ஒல்லாந்தர் கண்டி அரசவைக்கு அனுப்பிய வெகுமதிகளில் குதிரைகளும் இருந்தன. அவை அரண்மனையின் பெருமைக்கு உதவினவே தவிர, நாட்டுப் போக்குவரத்துக்கு அல்ல.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி போட்டார். வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் நிற்கும் உயர்ந்த கோபுரம் அவர் நினைவாக எழுப்பியது. 1832இல் அந்த வீதியில் குதிரைகள் இழுக்கும் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867இல் ரயில் கண்டியை எட்டும்வரை அவசரப் பயணம் என்றால் குதிரைதான்.

கோப்பித் தோட்டங்களும் பிறகு தேயிலைத் தோட்டங்களும் எழுந்தபோது மலையெங்கும் குதிரை போகும் சரிவில் பாதைகள் வெட்டினார்கள். தோட்டத் துரை குதிரைமேல் மலை பார்க்கப் போவார். குதிரைக்காரர் பக்கத்திலேயே ஓடிவருவார். அந்தப் பாதையை வெட்டியவர்களோ மன்னாரில் கரையிறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காட்டினூடே நடந்தே வந்த தமிழர்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். கண்டி மலையில் குதிரைச் சவாரியின் வரலாற்றை எழுதுகிறவர் இந்த நடையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஒற்றை விரலில் நிற்கும் உடம்பு

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலில் நிற்கிறது. அந்த விரலின் நகம்தான் குளம்பு. நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின்தான் அதிலும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளரும். அதனால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். குளம்பைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்காலில் முக்கோண வடிவில், தொட்டால் அமுங்கும் ஒரு மெத்தைப் பகுதி தெரியும். கால் தரையில் பதியும்போது குளம்பு சற்று விரிந்து, உள்ளே தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளும். குதிரை நடந்தால்தான் பாதத்தில் ரத்த ஓட்டம் சரியாக நடக்கும். நாள்முழுக்க லாயத்தில் கட்டிவைத்த குதிரையின் கால் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை அநேகமாக இல்லை. எலும்பும் நீண்ட தசைநாண்களும்தான். கால் ஊன்றும்போது கவண் ரப்பரைப் போல நாண் இழுபட்டு, கால் எழும்போது அந்த விசையைத் திருப்பித் தருகிறது. சமதரையில் இது சிக்கனமான ஏற்பாடு. கல்லும் பள்ளமும் உள்ள மலையிலோ, கால் கோணலாகப் பட்டால் முதலில் அடிபடுவதும் அந்த நாண்தான்.

கண்களைப் பாருங்கள். நிலத்தில் வாழும் பாலூட்டிகளிலேயே மிகப் பெரிய கண்களில் ஒன்று. தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை சுற்றளவு தெரியும். ஆனால் நேர் பின்னாலும், மூக்குக்கு நேர் கீழேயும் பார்வை எட்டாது. தேயிலை மலையில் தண்ணீர் ஓட வெட்டிய கான் ஒன்று குறுக்கே வந்தால், குதிரை தலையைத் தாழ்த்தித்தான் அதை அளக்கும். அந்த நேரத்தில் கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பது குதிரையின் கண்ணைக் கட்டுவதற்குச் சமம். வெயிலிலிருந்து அடர்ந்த நிழலுக்குள் நுழையும்போது அது தயங்கி நிற்பதும் பிடிவாதத்தால் அல்ல. இருட்டுக்குப் பழக அதன் கண்ணுக்கு நம்மைவிட அதிக நேரம் வேண்டும்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று பழமொழி சொல்லிக் கேலி செய்கிறோம். வாயை மூடுவதில் நியாயம் இருக்கிறது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஈறு மட்டும் உள்ள ஓர் இடைவெளியில்தான் கடிவாளத்தின் இரும்பு உட்காருகிறது. பல்லில்லாத அந்த ஈறு மிக மெல்லியது. அதை வெடுக்கென்று இழுத்தால் எவ்வளவு வலிக்கும் என்று நாமே ஊகிக்கலாம்.

ஏற்றமும் இறக்கமும்

சும்மா நிற்கும்போது குதிரையின் எடையில் ஏறத்தாழ அறுபது சதவீதம் முன்னங்கால்களில் இருக்கும். மேட்டில் ஏறும்போது எடை பின்னுக்குப் போய், பின்தொடைத் தசைகள் உடம்பை உந்தித் தள்ளும். அப்போது சவாரி செய்பவர் அங்கவடியில் காலை ஊன்றி முன்னால் சாய்ந்து, முதுகின் பாரத்தைக் குறைக்க வேண்டும். பிடரிமயிரைப் பிடித்துக்கொள்ளலாம், கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது.

இறக்கம்தான் ஆபத்து. முழுப் பாரமும் முன்னங்காலில் இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து, குதிகாலைத் தாழ்த்தி, கடிவாளத்தைத் தளரவிட்டு, வழியைக் குதிரையிடமே விட்டுவிடுவது நல்லது. மிகச் செங்குத்தான இடத்தில் இறங்கி நடத்திப் போவதுதான் முறை. மழையில் நனைந்த பாறையில் இரும்பு லாடம் வழுக்கும். கண்டிச் சுற்றுவட்டாரத்தில் வழுக்குப் பாறைக்குப் பஞ்சமில்லை.

பாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான வழக்கம். 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோதான். வாவிக்கரை மட்டக்குதிரையில் குடும்பத் தலைவர் ஏறிப் படம் எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

வெக்கையும் வியர்வையும்

குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும். நாய்போல வாயைத் திறந்து இளைக்க அதனால் முடியாது. ஓய்வில் நிமிடத்துக்கு 40 அளவில் துடிக்கும் இதயம், கடும் ஓட்டத்தில் 200ஐத் தாண்டும். மண்ணீரலில் சேமித்துவைத்த சிவப்பணுக்களை அந்த நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடுவதால்தான் அத்தனை வேகம் சாத்தியமாகிறது.

உண்டாகும் சூட்டைப் போக்க முக்கிய வழி வியர்வை. கடும் உழைப்பில் மணிக்கு 10 லீட்டருக்கு மேலும் வியர்க்கும். அந்த வியர்வையில் நம்முடையதைவிட உப்பு அதிகம். அதில் உள்ள ஒரு புரதம் நுரைத்து, மயிரின்மேல் படர்ந்து, ஈரம் எளிதில் ஆவியாக உதவுகிறது. ஆனால் காற்றில் ஈரம் மிகுந்த கண்டியில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப்போகும், உடம்பு ஆறாது. வெயில் அவ்வளவு கொடிதாக இல்லாத ஊரிலும் குதிரை தளர்ந்துபோவது இதனால்தான். அதிகாலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் நிழலுக்கு வந்துவிட வேண்டும். வந்ததும் உடம்பெங்கும் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீரோடு உப்பும் வேண்டும்.

வயிறு இன்னொரு சங்கதி. இரைப்பை சிறியது, புல்லைப் புளிக்கவைத்துச் செரிக்கும் பெருங்குடல் பெரியது. நாளின் பெரும்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்தபடி இருக்கவேண்டிய விலங்கு. ஒவ்வாததைத் தின்றால் வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. வயிற்றுவலியே உயிரைக் கொண்டுபோய்விடும். தேயிலை மலையில் மேய்ச்சல் நிலம் இல்லை. எனவே வழியில் கினிப்புல் வெட்டிப்போட ஆள் இருக்கிறாரா என்பது பயணத் திட்டத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

எங்கே போகலாம்

பேராதனைக்கு அப்பால் சில கிலோமீட்டர் இடைவெளியில் பதினான்காம் நூற்றாண்டுக் கோயில்கள் மூன்று இருக்கின்றன. பாறைமேல் நிற்கும் கடலாதெனிய 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைக் கட்டிய சிற்பி கணேஸ்வராசாரி தென்னிந்தியர். கல் வேலைப்பாட்டில் நம்மூர்க் கோயில் சாயல் அப்பட்டமாகத் தெரியும். அதே காலத்து லங்காதிலகவில் பாறைக் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. மூன்றாவது, கதிர்காமத் தெய்வத்துக்கு உரிய எம்பக்கே தேவாலயம். அதன் மரத்தூண்களில் அன்னங்கள், இருதலைப் பறவை, மற்போர் செய்வோர், நடனமாதர் என்று செதுக்கல்கள் நிறைந்திருக்கும். அவற்றுள் குதிரைமேல் இருந்து போர் செய்யும் வீரன் ஒருவனும் உண்டு. குதிரை அபூர்வமாயிருந்த மலைநாட்டில் தச்சன் அதை விட்டுவிடவில்லை.

இன்னொரு திசை ஹந்தானை. அங்கே தேயிலை நூதனசாலைக்குப் பக்கத்தில் தொடங்கும் பீகோ நடைபாதை, தோட்டக்காலத்துப் பழைய பாதைகளை இணைத்து 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. கலஹாவைத் தாண்டினால் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத் தேயிலையைத் தொடங்கிய லூல்கந்துர. பீகோ, நடப்பவருக்கும் சைக்கிளில் போவோருக்கும் என்று அமைத்த பாதை; குதிரையோடு போக நினைப்பவர் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. மழைக்காலத்தில் அட்டை நம் காலையும் விடாது, குதிரையின் காலையும் விடாது.

ஏறுமுன்

குதிரையின் ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழையபடி படிய வேண்டும். மடிப்பு நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. சேணத்துக்குக் கீழே புண் இருக்கிறதா, லாடம் ஆடுகிறதா என்று பாருங்கள். நீள்தூரக் குதிரைப் போட்டிகளில் ஒவ்வொரு கட்ட முடிவிலும் நாடி நிமிடத்துக்கு 64க்கு இறங்கினால்தான் அடுத்த கட்டத்துக்கு விடுவார்கள். தாடைக்கு அடியில் ஓடும் நாளத்தில் விரல் வைத்து அதை நீங்களும் எண்ணலாம். இவற்றையெல்லாம் பார்க்க விடாமல் அவசரப்படுத்துகிற இடத்தில் காசு கொடுக்காதீர்கள்.

குதிரை சரியில்லை என்று பட்டால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. கடலாதெனியவிலிருந்து லங்காதிலக வழியாக எம்பக்கே வரை நிதானமாகப் போனால் அரைநாள் நடைதான். நடந்தே போங்கள்.