பனி ஏரிகளும் சர்க்காரின் கடமையும்

2023ம் வருஷம் அக்டோபர் 3ந் தேதி இரவு சிக்கிமின் வடகோடியில் தெற்கு லோனாக் என்னும் பனி ஏரி கரையுடைத்துக் கொண்டது. தீஸ்தா நதிப் பள்ளத்தாக்கில் 55 பேர் மாண்டனர். 74 பேர் காணாமற் போயினர். 1,200 மெகாவாட் மின்சாரத்துக்காகச் சுங்தாங்கில் கட்டப்பட்டிருந்த அணை, இருந்த இடம் தெரியாமல் அடித்துச் செல்லப்பட்டது. இத்தகைய விபத்து நேரும்போதெல்லாம் "தெய்வச் செயல்" என்ற ஒரு சொல் கேட்கிறது. தெற்கு லோனாக் விஷயத்தில் இந்தச் சொல்லை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஏனெனில், இந்த அபாயம் ஒரே இரவில் வந்ததல்ல; அறுபது ஆண்டுகளாக, அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கையில், சிறுகச் சிறுக வளர்ந்து வந்தது.

இது எவ்வாறு வளர்ந்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது அவசியம். பனியாறு என்பது அசையாமல் கிடக்கும் பனிக்கட்டி அன்று. தன் பாரத்தாலேயே அது மலைச்சரிவில் மெல்ல மெல்ல நகர்கிறது. நகரும்போது பாறைகளைப் பெயர்த்து, அரைத்து, கல்லும் மண்ணுமாகத் தன்னுடன் இழுத்து வருகிறது. அவற்றைத் தன் முனையிலும் இரு பக்கங்களிலும் வரப்பைப் போலக் குவித்து வைக்கிறது. இந்தக் குவியலையே மொரேன் என்று விஞ்ஞானிகள் அழைக்கின்றனர். வெப்பம் மிகுந்து பனியாறு பின்வாங்கும்போது அது விட்டுச் சென்ற பள்ளத்தில் உருகிய நீர் தேங்குகிறது. மொரேனே அதற்குக் கரையாகிறது. சிமெண்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கொத்தன் கைபட்ட கரையன்று அது. தளர்ந்த கல்லும் மண்ணும், அவற்றிடையே புதைந்து கிடக்கும் பழைய பனிக்கட்டியுமே அதன் பலம்.

மலைச்சரிவுகளின் நிலையும் இத்தகையதே. கடல் மட்டத்துக்கு மேல் 5,200 மீட்டர் உயரத்தில் பல இடங்களில் மண் வருஷம் முழுவதும் உறைந்தே கிடக்கும். இந்த உறைமண்ணில் பனிதான் கல்லையும் மண்ணையும் பிணைத்து நிறுத்துகிறது. அந்தப் பிணைப்பு இளகிவிட்டால், நூற்றாண்டுகளாக நின்ற சரிவும் நிற்பதில்லை.

தெற்கு லோனாக்கில் நேர்ந்ததும் அதுவே. 1960களில் பனியாற்றின் முனையில் சில சிறு குட்டைகளே இருந்தன. அவை ஒன்றுகூடி ஏரியாயின. 2023 செப்டம்பர் 28ந் தேதி வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஏரியின் பரப்பு 167 ஹெக்டேர், அதாவது நானூறு ஏக்கருக்கு மேல். அக்டோபர் 3ந் தேதி இரவு 10 மணிக்குச் சற்றுப் பின்னர், ஏரியின் பக்கவாட்டில் உறைந்து நின்ற மொரேன் சரிவு திடீரென இடிந்து நீரில் விழுந்தது. விழுந்த மண்ணின் அளவு ஒரு கோடியே 47 லட்சம் கனமீட்டர் என்று 2025ல் வெளியான விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு எழுந்த அலை முன்கரையை அறுத்தது. ஏறக்குறைய 5 கோடி கனமீட்டர் தண்ணீர் கீழே பாய்ந்தது. மறுநாள் எடுத்த படத்தில் ஏரியின் பரப்பு 60 ஹெக்டேர்தான். வெள்ளம் வங்காள தேசம் வரையில் சென்றது.

இது யாரும் எதிர்பாராததா? இல்லை. 2016லேயே இந்த ஏரியின் அபாயத்தை உணர்ந்து, சிக்கிம் சர்க்கார் ஸோனம் வாங்சுக் முதலியோரின் உதவியுடன் அங்கே குழாய்களை எடுத்துச் சென்று நீரை வெளியேற்ற முயன்றது. 2021ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஏரி உடைந்தால் சுங்தாங்குக்கு நேரக்கூடிய வெள்ளத்தைக் கணக்கிட்டே காட்டிற்று. எச்சரிக்கை ஏற்பாட்டின் முதற்படியாகச் சில கருவிகள் ஏரியருகே வைக்கப்பட்டது 2023 செப்டம்பரில். அந்த ஏற்பாடு பூர்த்தியாவதற்கு முன்பே வெள்ளம் முந்திக்கொண்டது. சரிவு இடிந்தது பத்து மணிக்குப் பிறகு. வெள்ளம் அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சுங்தாங்கை அடைந்தது நள்ளிரவில். அந்த இடைவேளையில் ஊர்தோறும் அபாயச் சங்கு ஊதியிருந்தால் எத்தனை உயிர்கள் மேட்டில் ஏறிப் பிழைத்திருக்கும்! அறிவு இருந்தது; அறிவை ஆற்றங்கரை ஜனங்களிடம் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு இல்லை. நமது குற்றச்சாட்டு இதுவே.

இதெல்லாம் பெருஞ்செல்வம் படைத்த தேசங்களுக்கே இயலும் என்பாரும் உண்டு. அவர்களுக்குப் பெரு தேசத்தைக் காட்ட விரும்புகிறோம். 1941 டிசம்பர் 13ந் தேதி பால்காகோச்சா என்னும் பனி ஏரி உடைந்து, அங்குள்ள ஹுவாராஸ் நகரின் ஒரு பகுதியை அழித்தது. அந்தத் தேசத்தார் 1951ல் பனி ஏரிகளைக் கவனிப்பதற்கென்றே தனி இலாகா ஒன்றை ஏற்படுத்தினர். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் நீர்மட்டத்தைத் தாழ்த்தியோ கரைகளைப் பலப்படுத்தியோ அபாயத்தைக் குறைத்தனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது அண்டையிலுள்ள சிறு நாடான பூட்டானைப் பார்ப்போம். 1994 அக்டோபரில் லுக்யே ஏரி உடைந்து அங்கே 21 பேர் மாண்டனர். பூட்டானியர் விதியை நொந்துகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 2009 முதல் 2012 வரையில், கோடைதோறும் நூற்றுக்கணக்கான தொழிலாளர் பல நாள் மலைவழி நடந்து தொர்தோர்மி ஏரிக்குச் சென்றனர். கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு, உறைபனி நீரில் நின்று கால்வாய் வெட்டி, ஏரியின் மட்டத்தைச் சுமார் ஐந்து மீட்டர் தாழ்த்தினர். பூட்டானால் முடிந்தது பாரதத்தால் முடியாதா?

வெப்பம் மிகுவதற்குப் பெரும் பொறுப்பு மேனாட்டு ஆலைகளுடையது என்பர் சிலர். உண்மைதான், அந்தக் கணக்கை உலக மகாநாடுகளில் நாம் விடாமல் கேட்கத்தான் வேண்டும். ஆனால், பிறர் செய்த பிழையைச் சுட்டிக்காட்டுவதால் ஓர் ஏரியும் வற்றிவிடாது. கரைக்குக் கீழே குடியிருப்பவர்கள் நமது பிரஜைகள். அவர்களைக் காக்கும் கடமையும் நம்முடையதே.

2024ல் மத்திய சர்க்கார் இத்தகைய ஏரிகளின் அபாயத்தைக் குறைக்க 150 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அனுமதித்தது. அதை வரவேற்கிறோம். ஆனால், 2025 ஜனவரியில் சுங்தாங்கில் அதே இடத்தில் புதிய அணை கட்டுவதற்கு நிபுணர் குழு சிபாரிசு செய்தது. பழைய அணையின் உயரம் 60 மீட்டர். புதியதோ ஏறக்குறைய 118 மீட்டர்! மின்சாரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மலையுச்சியிலுள்ள அபாயத்தைத் தீர்க்குமுன் அடிவாரத்தில் அணையை இருமடங்கு உயர்த்துவது எந்த விவேகத்தைச் சேர்ந்தது என்றே கேட்கிறோம்.

நாம் கோருவது மூன்று. அபாயமான பனி ஏரிகளின் ஜாபிதாவும், ஒவ்வோர் ஏரியின் நிலையும் வருஷந்தோறும் ஜனங்கள் அறியப் பிரசுரிக்கப்பட வேண்டும். அவற்றின் கீழுள்ள ஒவ்வோர் ஊரிலும் அபாயச் சங்கும், மேட்டுக்குச் செல்லும் பாதையும், ஆண்டுதோறும் ஒத்திகையும் ஏற்பட வேண்டும். ஏரியின் நீரைத் தாழ்த்தி, எச்சரிக்கை ஏற்பாடு பூர்த்தியான பிறகே அந்தப் பள்ளத்தாக்கில் புதிய அணைக்கு ஒரு கல்லேனும் எடுத்து வைக்க வேண்டும்.

உருகும் பனியை எந்த உத்தரவாலும் நிறுத்த முடியாது. ஆனால், பனி உருகுவது தெரிந்தும் உறங்குகின்றவர்களை எழுப்ப முடியும். ஜனப்பிரதிநிதிகள் சட்டசபையில் இதைக் கேட்க வேண்டும். தேச ஊழியர்கள் ஊர்தோறும் இதை எடுத்துரைக்க வேண்டும். தெற்கு லோனாக்கில் மாண்டவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.