ஆற்றோடமும் ஈத்தூண்டிலும்

ஓடம் என்றதும் எம் பிள்ளைகளின் மனக்கண்ணில் தோன்றுவன கடலும் களப்புமே. பாறைகளுக்கிடையே நுரைத்து விரையும் மலையாற்றில், நின்றபடி தூண்டில் வீசுவதற்கென்றே ஓடம் சமைக்கும் தனிக்கலை ஒன்று உண்டென்பதை நாமும் நாற்பதாம் அகவையைக் கடந்த பின்னரே அறிந்தோம். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒறிகன் மாநிலத்தில் எம் இளவல் பல ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வாழ்கின்றான். ஓகஸ்ற் மாதப் பாடசாலை விடுமுறையொன்றில் அவன் வீட்டில் விருந்தினராயிருந்தோம். சென்றிறங்கிய அன்றிரவே, சாப்பாட்டுக் கோப்பையை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, மூன்று ஓடங்களின் படங்களை எம்முன் பரப்பினான். "அண்ணை, இதிலை எதை வாங்கலாம்?" என்பது அவன் கேள்வி. "ஒண்டும் வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்பது அடுக்களையிலிருந்து வந்த அவன் மனைவியின் விடை.

எவர் பக்கம் நிற்பதென்று துணியுமுன், மீன் பிடிக்க ஓடம் எதற்கு என்பதை அறிய விரும்பினோம். வாசகரும் அதனையே முதலிற் கேட்பர்.

செயற்கை ஈயைக் கொண்டு மீன் பிடிக்கும் முறை மற்றைத் தூண்டில் முறைகளினின்றும் வேறானது. நாமறிந்த தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் கயிற்றை இழுத்துச் செல்லும். இங்கே கொளுக்கியில் இறகும் மயிரும் நூலும் சுற்றிக் கட்டிய ஈக்குப் பாரமே இல்லை, கயிறுதான் பாரமுடையது. அக்கயிற்றைத் தலைக்கு மேலாக முன்னும் பின்னும் சவுக்குப்போல் வீசி, விரித்து, ஈயை நீர்மேல் மெல்ல இறக்க வேண்டும். இதற்கு வீசுபவனின் முதுகுப்புறத்திலே முப்பது நாற்பது அடி வெளி வேண்டும். மரங்கள் நெருங்கிய ஆற்றங்கரையில் அது கிடைப்பதில்லை. மற்றொரு காரணம் இன்னும் நுட்பமானது. கரையில் நின்று வீசினால் நீரோட்டம் கயிற்றை இழுக்க, ஈயும் இயல்புக்கு மாறாக நீரைக் கிழித்துக்கொண்டு செல்லும். ட்றவுட் மீன் அதனைக் கண்ட கணமே விலகிவிடும். ஓடமோ ஆற்றோடு ஆறாக, ஈ மிதக்கும் அதே வேகத்திற் செல்லும். அதனால் ஈயும் உண்மைப் பூச்சிபோல நெடுந்தூரம் மிதந்து செல்லும். ஆற்றோடத்தின் பயன் முழுவதும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

இக்கலை எம் நாடு அறியாததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியர் ட்றவுட் மீனை நுவரெலியா மலைகளுக்குக் கொண்டுவந்து வளர்த்தனர். ஆயின் அங்குள்ள ஓடைகள் பலவற்றை ஒரே தாவலிற் கடந்துவிடலாம். ஓடத்துக்கு ஆங்கே வேலையில்லை.

மலையாற்றில் ஓடம் செலுத்தும் முறை எளிதிற் கைவந்ததன்று. 1869ஆம் ஆண்டில் ஜோன் வெஸ்லி பவல் என்பார் ஒன்பது துணைவருடன் நான்கு ஓடங்களிற் கிறீன் ஆற்றிலும் கொலராடோ ஆற்றிலும் இறங்கினார். துடுப்பு வலிப்போர் வழக்கம்போல் முதுகு காட்டியே அமர்ந்தனர். எதிர்வரும் பாறையை அவர்களாற் காண இயலவில்லை. சில கிழமைகளுள் ஓர் ஓடம் பாறையில் மோதிச் சிதைந்தது. பின்னர் 1890களில், யூற்றா மாநிலத்தைச் சேர்ந்த நதானியல் கலவே என்னும் வேட்டைக்காரர் முகத்தை ஆறு செல்லும் திசைக்குத் திருப்பி அமர்ந்தார். துடுப்பையோ எதிர்த்திசைக்கு வலித்தார். ஓடம் ஆற்றிலும் மெதுவாகச் சென்றது. வருவதைப் பார்க்கவும், பார்த்து ஒதுங்கவும் பொழுது கிடைத்தது. இத்துணை எளிய மாற்றத்துக்கு அத்துணைக் காலம் சென்றதே என்று வியப்புத் தோன்றும். ஆயின் முன்னே செல்ல வேண்டியவன் பின்னே வலிக்க வேண்டும் என்பது எவர் மனத்துக்கும் எளிதில் ஏறுவதில்லை. எம் மனத்துக்கும் ஏறவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

இம்முறைக்கேற்ற ஓடத்தை உருவாக்கிய பெருமை ஒறிகனின் மக்கென்சி, றோக் என்னும் ஆறுகளுக்கு உரியது. நோர்வேயிலிருந்து குடியேறிய டொம் கார்ஹுஸ், அவருக்குப் பின் வூடி ஹின்ட்மன் முதலிய தச்சர்கள் இதன் வடிவைச் செப்பஞ்செய்தனர். அடிப்பாகம் தட்டையானது, ஏராக்கட்டை இல்லை. ஆயினும் பக்கவாட்டிற் பார்த்தால் இரு முனைகளும் மேலெழும்பி, வாழைப்பழம்போல வளைந்திருக்கும். நடுப்பகுதி மட்டுமே நீரிற் படிவதால், ஒரு துடுப்பை இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரம்போற் சுழலும். சில அங்குல நீரே இதற்குப் போதும். பக்கங்கள் வெளிநோக்கி விரிந்திருப்பதால் அலை உள்ளே புகாது. நீளம் பெரும்பாலும் பதினான்கு முதற் பதினேழு அடி. நடுவில் துடுப்புக்காரர், கூர்முனைப் பக்கத்தில் வீசுபவர் நின்று தொடையை அணைத்துக்கொள்ள வளைவான தாங்கி. முதலில் வெறும் பலகையாலும் பின்னர் ஒட்டுப்பலகையாலும் செய்யப்பட்டது, இன்று அலுமினியத்தாலும் கண்ணாடி நாராலும் ஆகின்றது. மரத்தாலானது அழகிற் சிறந்தது. ஆனால் ஆண்டுதோறும் பராமரிப்பைக் கேட்கும். அலுமினியம் அடி தாங்கும். ஆயினும் கல்லில் உரசும் ஓசை மீனுக்கும் எட்டும், செவிக்கும் இனிதன்று.

எல்லா ஆற்றுக்கும் இதுவே பொருந்தும் என்று கொள்ளலாகாது. மிச்சிக்கன் மாநிலத்து ஓசாபிள் ஆறு ஆழமின்றி அமைதியாக ஓடுவது. அங்கே ஏறத்தாழ இருபத்துநான்கு அடி நீளமான ஒடுங்கிய ஓடத்தைப் பின்புறத்தில் இருப்பவர் கோல் ஊன்றிச் செலுத்துவார். வேகத்தைத் தணிக்க ஒரு சங்கிலியை அடியிலே இழுபட விடுவார். எமது பரவைக்கடலில் வள்ளம் தாங்குவோர் அதனைக் கண்டால் நம்மவர் செயலென்றே சொல்வர். ஆர்க்கன்சாஸ் மாநிலத்து வெள்ளையாற்றில், 1951இல் முடிவுற்ற புல் ஷோல்ஸ் அணைக்குக் கீழே, நீண்ட தட்டையோடத்தில் இயந்திரம் பூட்டிச் செல்வர். மின்னாக்கத்துக்காக அணை நீரைத் திறந்துவிட்டால் ஆறு விரைவில் உயரும். இயந்திரம் இல்லாதவர் பாடு திண்டாட்டமே.

இளவல் காட்டிய மூன்றில் முதலாவது, ஒருவர் மட்டும் அமரும் காற்றடைத்த ஓடம். இரண்டு நீண்ட றப்பர்க் குழாய்கள், அவற்றை இணைக்கும் சட்டம், நடுவில் ஓர் இருக்கை. இவ்வினத்திற் பெரியனவற்றின் ஆங்கிலப் பெயரிற் 'கட்டமரான்' என்ற சொல்லின் துண்டு ஒட்டியிருக்கிறது. அது எம் கட்டுமரமே என்று இளவலின் பதினொரு வயது மகளுக்குச் சொன்னபோது அவள் நம்பவில்லை. அகராதியை எடுத்துப் பார்த்த பின்னரே நம்பினாள். இவ்வோடம் விலை குறைந்தது, மோட்டார் வண்டியின் பின்புறத்தில் அடங்குவது. ஆனால் இதிற் செல்பவர் தனியே செல்வார். "தனியாப் போற வள்ளம் எங்கட வீட்டுக்கு வராது" என்று தம்பி மனைவி கூறியதை நாமும் ஆமோதித்தோம். இரண்டாவது மேற்சொன்ன மக்கென்சி ஓடம். மூன்றாவது, நாலைந்து அறைகளிற் காற்றடைத்து, மேலே துடுப்புச் சட்டம் பூட்டிய பதின்மூன்றடி மிதவை.

அண்டை வீட்டார் தமது பழைய மக்கென்சி ஓடத்தை ஒருநாள் இரவல் தந்தார். ஆறு ஒருவழிப் பாதை; ஏறிய இடத்துக்கு ஓடம் திரும்பாது. ஆகவே இறங்கும் துறையில் ஒரு வண்டியை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, மற்றொன்றில் மேலே போனோம்.

மக்கென்சி ஆறு எரிமலைக் குழம்பு அணைகட்டி உண்டாக்கிய ஓர் ஏரியில் பிறக்கிறது. கோடையிலும் அதன் நீர் உறையும் குளிர். 2020 செப்ரெம்பரில் அப்பள்ளத்தாக்கைப் பெருந்தீ எரித்தது. கரிந்த மரங்கள் அதன் பின் ஆற்றில் வீழ்ந்து கிடப்பதுண்டு. வீழ்ந்த மரத்தினூடே நீர் புகுந்து செல்லும், மனித உடல் செல்லாது. அரிதட்டில் அகப்பட்ட கல்லைப்போல அதிலே அழுந்திக் கிடக்கும். ஆற்றோடக்காரர் பாறையினும் மரத்தையே கூடுதலாக அஞ்சுவர்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்படாத பிள்ளைகள் ஓடும் ஓடத்தில் மிதவை அங்கி அணிதல் அம்மாநிலச் சட்டம். ஆகவே மகள் அணிந்திருந்தாள். வெயிலின் பேரால் எம் இருவரின் அங்கிகளும் இருக்கையின் கீழ்க் கிடந்தன. இளவல் முன்னே நின்று வீசினான். இரண்டு மணி நேரத்தில் மூன்று மீன்கள். பக்கத்திலே செந்நிறக் கோடோடிய வானவில் ட்றவுட். இயற்கையிற் பிறந்தவை என்பதால் மூன்றையும் நீரிலேயே விடுவித்தான். சைவ உணவினராகிய எமக்கு அது சிறிது ஆறுதல். எனினும் வாயைத் துளைத்தபின் விடுவதும் அருளாகுமா என்று கேட்டோம். அவன் மறுமொழி சொல்லாது கயிற்றுக்கு மெழுகு பூசத் தொடங்கினான்.

பின்னர்த் துடுப்பை நாம் வாங்கினோம். இளமையிற் பரவைக்கடலில் வள்ளம் செலுத்திய செருக்கு எமக்கிருந்தது. ஒரு வளைவைக் கடந்ததும் ஆற்றின் நடுவே பாறை ஒன்று தெரிந்தது. செய்ய வேண்டியது இதுதான்: கூர்முனையைப் பாறைக்கு நேரே சரிவாகத் திருப்பி, அதைப் பார்த்தபடியே பின்னோக்கி வலித்தால் ஓடம் தானாக ஒதுங்கும். இளவல் காலையில் இருமுறை சொல்லியிருந்தான். ஆயினும் கைகள் பழைய பாடத்தையே செய்தன. முந்திக் கடந்துவிடலாமென்று முன்னோக்கித் தள்ளினோம். வேகம் கூடியது, ஓடம் குறுக்காகத் திரும்பியது, பக்கம் பாறையில் மோதி நின்றது. மோதிய பாறையினின்றும் விலகிச் சாய்வது மனித இயல்பு, நாமும் சாய்ந்தோம். மேனீர்ப்பக்க விளிம்பு தாழ்ந்து, ஆறு உள்ளே புகுந்தது.

"அண்ணை, கல்லுப் பக்கம் சாயுங்கோ! கல்லுப் பக்கம்!" என்று அவன் கூவினான். மூவரும் பாறையைத் தழுவுவார்போலச் சாய்ந்தோம். விளிம்பு எழுந்தது, ஓடம் உரசி, வழுக்கி, பாறையைச் சுற்றி விடுபட்டது. கணுக்கால் அளவு நீர். மகள் வாளியால் இறைத்துக்கொண்டே, "பெரியப்பா, ஜக்கற்றைப் போடுங்கோ" என்றாள். எமக்குச் சினமும் வந்தது, நாணமும் வந்தது. போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, ஆற்றுக்குக் குறுக்கே கரிந்த பெருமரம் ஒன்று கிளைகளை நீரில் அமிழ்த்திக் கிடந்ததைக் கண்டோம். ஓடம் கவிழ்ந்திருப்பின் ஆறு எம்மை அங்கேதான் கொண்டு சேர்த்திருக்கும். இளவல் துடுப்பை வாங்கி, ஒன்றும் பேசாமல் மறுகரையோரமாகக் கடத்தினான்.

நங்கூரத்தைப் போட்டு நிறுத்தியிருக்கலாமே என்று மாலையில் ஒருவர் கேட்டார். அது இன்னும் பெரிய தவறு. விரைநீரில் நங்கூரம் பற்றினால் ஓடத்தின் பின்புறம் கீழிழுபட்டு ஆறு அதன்மேல் ஏறிவிடும். அறிந்தவர்கள் மெதுநீரிலேயே நங்கூரமிடுவர். கயிற்றின் நுனியில் முடிச்சிடார், வேண்டுமாயின் முழுக் கயிறும் உருவிப்போகும்படி விடுவர். வெட்டக் கத்தியொன்றும் கைக்கெட்ட வைத்திருப்பர்.

நிகழ்ந்ததை வீட்டில் மறைக்கலாம் என்று இளவல் வழியில் யோசித்தான். மகள் உடன்படவில்லை. அனைத்தையும் கேட்ட அவன் மனைவி நெடுநேரம் பேசாதிருந்து, "இஞ்சருங்கோ, இடிச்சால் துள்ளி விலகுற வள்ளம் எது?" என்று மட்டும் வினவினார். அது மூன்றாவது, காற்றடைத்த மிதவை. வலிப்பதற்கு மக்கென்சி ஓடத்தின் நயம் அதற்கில்லை. காற்று அதனை இழுத்தடிக்கும். நின்று வீசவும் அத்துணை உறுதி போதாது. தேர்ந்த துடுப்புக்காரருக்கு நாம் இன்றும் மக்கென்சி ஓடத்தையே சொல்வோம். ஆனால் பாறையில் மோதியே பாடம் கற்க வேண்டிய குடும்பத்துக்குத் துள்ளும் ஓடமே தக்கது. ஓர் அறை கிழிந்தாலும் மற்றை அறைகள் மிதக்கும்.

அதையே வாங்கினார்கள். இவ்வாண்டு இளவல் எழுதிய செய்தியின்படி, துடுப்புக்குரியவர் இப்போது அவன் மனைவி. அங்கி அணியாதவருக்கு ஓடத்தில் இடமில்லை. பின்னோக்கி வலிக்கும் வித்தை அவருக்கு முதல் நாளே கைவந்ததாம், முன்னர் எந்த வள்ளமும் செலுத்தியறியாதவர் என்பதால். இளவல் வீசிய ஈ இதுவரை அவருடைய தொப்பியில் இருமுறை கொளுவியிருக்கிறது. மூன்றாம் முறை கொளுவினால் தூண்டில் மகளுக்கு மாறும் என்று ஏற்பாடு.