மெலிவும் தெளிவும்

தலவிலையில், புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு அண்மையில் என் தமக்கையார் வாழ்கின்றார். சென்ற ஆடித் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, மருமகன் தான் வாங்கிய வீட்டுத் திரையரங்கக் கருவியை இயக்கிக் காட்டினான். சுவர் அதிர்ந்தது, சொல் விளங்கவில்லை. செவி மந்தமான தமக்கையார் திரையை வெறிதே நோக்கியிருந்தார்.

ஒலிநிலையை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். ‘சப்வூபர்’ என்னும் பெரும்பெட்டி மெலிவுக்கே உரியது. மருமகனோ அதன் எல்லையை 160 ஹேர்ட்ஸில் வைத்திருந்தான். ஆடவர் பேச்சின் அடியொலி ஏறத்தாழ 85 ஹேர்ட்ஸிலேயே தொடங்குவது. அதுவும் பெரும்பெட்டிக்குள் புகுந்து குழம்பிற்று. இடந்தலை வலந்தலையை விழுங்கினால் மத்தளம் என்னாகும்?

முன்னுள்ள பெட்டிகளைக் கருவியில் ‘சிறியன’ என்று குறித்து, எல்லையை 80 ஆக்கினோம். அதற்குக் கீழ்ப்பட்ட ஒலி எத்திசையினின்று வருகின்றதெனச் செவி எளிதில் அறியாது. அதன் அலை நீளம் 4 மீற்றருக்கும் மேற்பட்டது. ஆதலால் பெரும்பெட்டியை எங்கேனும் ஒதுக்கலாம். ஆனால், மூலையில் வைத்தால் முழக்கம் மிகும். அங்கிருந்து அதை நகர்த்தினோம். பெட்டியின் பின்புறத் திருகை உச்சத்துக்குத் திருப்பினோம். இரண்டு எல்லைகள் ஒருங்கே இயங்குதல் ஆகாது.

மீண்டும் படம் ஓடிற்று. நகைச்சுவை நடிகர் சொன்ன பகிடிக்குத் தமக்கையார் எங்களுக்கு முன்னரே சிரித்தார்.