வெகுமதிப் புள்ளிகளுக்கு விலை கொடுப்பவர் யார்?

இந்தியாவில் புழக்கத்திலுள்ள கடன் அட்டைகளின் எண்ணிக்கை 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 10 கோடியைக் கடந்தது. விமான நிலைய ஓய்வறை, திரையரங்கச் சலுகை, எரிபொருள் தள்ளுபடி, ஒவ்வொரு செலவுக்கும் வெகுமதிப் புள்ளி என்று அட்டைக்கு அட்டை ஆசை காட்டப்படுகிறது. 'சாமர்த்தியமாகப் பயன்படுத்தினால் வங்கியிடமிருந்தே சம்பாதிக்கலாம்' என்று காணொலிகளில் பாடம் நடத்துவோரும் பெருகிவிட்டனர்.

அவர்கள் சொல்வது முழுப் பொய்யன்று, பாதி உண்மை. அந்தச் சம்பாத்தியம் எவ்வளவு, அதைத் தருபவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தேடினால் மீதிப் பாதி விளங்கிவிடும்.

கடன் அட்டை வைத்திருப்போரைப் பொருளியல் நோக்கில் இரண்டு வகையினராகப் பிரிக்கலாம். மாதந்தோறும் வரும் பில் தொகையை ஒரு ரூபாய்கூட மீதி வைக்காமல் கெடுவுக்குள் செலுத்திவிடுவோர் முதல் வகை. ஒரு பகுதியை மட்டும் செலுத்தி, மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொண்டு போவோர் இரண்டாம் வகை. அமெரிக்கக் கடன் அட்டைத் துறையினர் முதல் வகையினரைத் தமக்குள் குறிப்பிடும் கொச்சைச் சொல் ஒன்று உண்டு. அந்தச் சொல்லின் நேர்ப்பொருள், 'வாங்கிய கடனைக் கட்டாதவர்' என்பது. ஒழுங்காகக் கட்டுபவருக்கு இப்படியொரு பட்டப்பெயர் கிடைத்ததிலிருந்தே, வங்கியின் வட்டி வருமானம் யாரிடமிருந்து வருகிறது என்பது புலப்படும்.

பண விவரம் அறிந்தவர் முதல் வகையைச் சேர்ந்தவர். அவருக்கு அட்டை என்பது கடன் வாங்கும் கருவியன்று. பணம் செலுத்தும் கருவி மட்டுமே. சேமிப்புக் கணக்கில் ஏற்கெனவே இருக்கும் பணத்தைத்தான் அவர் அட்டை வழியாகச் செலவிடுகிறார். குறைந்தபட்சத் தொகையை அல்லாமல் முழுத் தொகையையும் கெடு நாளில் தானாகவே எடுத்துக்கொள்ளுமாறு வங்கிக்கு முன்கூட்டியே உத்தரவு கொடுத்துவிடுகிறார். அவருடைய மற்ற சாமர்த்தியங்கள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்தின்மேல் எழுப்பப்பட்டவை. இது இல்லாவிட்டால் அவற்றால் பயனில்லை.

ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். ஒருவர் அட்டையில் 50,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறார் என்று கொள்வோம். ஒரு சதவீத வெகுமதி என்றால் அவருக்குக் கிடைப்பது 500 ரூபாய். நம் நாட்டில் பல அட்டைகளில் வட்டி மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம் வரை இருக்கிறது. வட்டியின்மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. மாத வட்டி 3.5 சதவீதம் எனில், வரியுடன் சேர்த்து 4.13 சதவீதம். பில்லில் கண்ட குறைந்தபட்சத் தொகையான 2,500 ரூபாயை மட்டும் செலுத்தினால், மீதி 47,500 ரூபாய்க்கு ஒரு மாதத்தில் ஏறும் வட்டியும் வரியும் ஏறத்தாழ 1,960 ரூபாய். அதாவது, நான்கு மாத வெகுமதியை ஒரு மாத வட்டி விழுங்கிவிடுகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

அவர் புதிதாக எதுவும் வாங்காமல், ஒவ்வொரு மாதமும் நிலுவையில் 5 சதவீதத்தை மட்டும் செலுத்தி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் 12 தவணைகளில் சுமார் 28,300 ரூபாய் கட்டியிருப்பார். ஆனால், 50,000 ரூபாய்க் கடன் ஏறத்தாழ 43,900 ரூபாயாகத்தான் இறங்கியிருக்கும். கட்டிய பணத்தில் 22,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. வட்டியையும் வரியையும் குறைந்தபட்சத் தொகையுடன் முழுமையாகச் சேர்த்து வசூலிக்கும் வங்கிகளில் கடன் சற்று விரைவாகக் கரையும். மாதச் சுமை கூடும்.

இந்தக் கணக்கில் சேராத செலவு இன்னொன்றும் உண்டு. முழுத் தொகையைச் செலுத்தாவிட்டால், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். பழைய நிலுவை தீரும்வரை, புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லா அவகாசம் கிடையாது. காலையில் வாங்கும் காய்கறிக்கும் அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும். அட்டையைக் கொண்டு ஏடிஎம்-மில் ரொக்கம் எடுத்தாலும் இதே நிலைதான். எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்குமேல் தனிக் கட்டணம். எனவேதான், விவரமறிந்தவர்கள் கடன் அட்டையை ஏடிஎம் பக்கம் கொண்டு செல்வதேயில்லை.

சரி, முழுத் தொகையையும் தவறாமல் செலுத்துபவர் உண்மையில் எவ்வளவு ஈட்டுகிறார்? முதலில் வட்டியில்லா அவகாசத்தைப் பார்ப்போம். பில் தயாராகும் தேதிக்கு மறுநாள் பொருள் வாங்கினால், பணம் கட்ட ஏறக்குறைய 50 நாள்வரை கிடைக்கும். அதை அறிந்தவர்கள் பெரிய செலவுகளை அந்த நாளுக்கு ஒத்திவைப்பார்கள். 50,000 ரூபாய் 45 நாள்கள் கூடுதலாகச் சேமிப்புக் கணக்கில் தங்கினால், ஆண்டுக்கு 3 சதவீத வட்டியில் கிடைப்பது சுமார் 185 ரூபாய். லாபம்தான், ஆனால், அதற்காகத் தேவையற்ற பொருளை வாங்கும் அளவுக்குப் பெரிய லாபமன்று.

அடுத்தது புள்ளிகள். புள்ளிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காமல் அவற்றைக் காசாக மாற்றிப் பார்ப்பதே அறிவுடைமை. 100 ரூபாய்க்கு 2 புள்ளிகள், ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு என்றால், கிடைப்பது அரை சதவீதம். அந்த அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாய், ஜிஎஸ்டி-யுடன் 1,180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கட்டணத்தை ஈடுகட்டுவதற்கே 2,36,000 ரூபாய் செலவிட வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் லாபம். எரிபொருள், வீட்டு வாடகை, காப்பீட்டுத் தவணை, அரசுக் கட்டணங்கள் போன்ற பெரிய செலவுகளுக்குப் பல அட்டைகள் புள்ளி தருவதில்லை, அல்லது உச்சவரம்பு வைக்கின்றன. புள்ளிகளுக்குக் காலாவதித் தேதியும் உண்டு.

நகைக் கடையிலோ, மின்சாதனக் கடையிலோ 'அட்டை என்றால் 2 சதவீதம் கூடும்' என்று சொன்னால், ஒரு சதவீதப் புள்ளிக்காக அட்டையை நீட்டுவது நஷ்டம். விவரமறிந்தவர் அங்கே யுபிஐ மூலம் செலுத்திவிட்டு வருவார். 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தையும் அவர் இதே கண்ணோடுதான் பார்ப்பார். செயலாக்கக் கட்டணம், வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டி, ஒரே தொகையாகச் செலுத்தினால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுப்பார். கடன் வரம்பில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தாமல் இருப்பதும் அவருடைய பழக்கம். 300 முதல் 900 வரையிலான கடன் மதிப்பெண் உயர்ந்திருந்தால், பின்னாளில் வீட்டுக் கடன் வாங்கும்போது வட்டி குறையும். புள்ளிகள் தரும் லாபத்தைவிட இந்த லாபம் பல மடங்கு பெரியது.

ஆனால், கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மனத்தையும் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர்கள் டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகியோரின் ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. கூடைப்பந்துப் போட்டிக்கான நுழைவுச்சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். ஒரு பிரிவினர் ரொக்கமாகச் செலுத்த வேண்டும்; மற்றொரு பிரிவினர் கடன் அட்டையில் செலுத்தலாம். அட்டைப் பிரிவினர் கேட்ட விலை, ரொக்கப் பிரிவினரின் விலையைப்போல் சராசரியாக இருமடங்குக்கும் மேல் இருந்தது. பணம் கையைவிட்டுப் போவது தெரியாதபோது, செலவின் உறுத்தலும் குறைந்துவிடுகிறது. 'இன்னும் 8,000 ரூபாய் செலவழித்தால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி' என்ற குறுஞ்செய்தி குறிவைப்பது இந்தப் பலவீனத்தைத்தான். வாங்க நினைத்திராத பொருளை வாங்கிப் பெறும் ஒரு சதவீதம் லாபமாகாது. அது 99 சதவீதச் செலவு.

இனி, இரண்டாவது கேள்வி. சாமர்த்தியசாலிக்குக் கிடைக்கும் வெகுமதிக்கான பணம் எங்கிருந்து வருகிறது? வாடிக்கையாளர் அட்டையில் 100 ரூபாய் செலுத்தினால், கடைக்காரருக்கு 100 ரூபாய் முழுமையாகச் சேர்வதில்லை. ஏறத்தாழ 2 ரூபாய் வணிகர் கட்டணமாகப் பிடிக்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி அட்டை வழங்கிய வங்கிக்குப் போகிறது. அந்தப் பங்கிலிருந்து ஒரு சிறு பகுதிதான் வெகுமதியாகத் திரும்பி வருகிறது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது போன்றதே இது. கடைக்காரரோ அந்தச் செலவைப் பொருளின் விலையில் சேர்த்துவிடுகிறார். அட்டை இல்லாதவரும் அதே விலையைத்தான் கொடுக்கிறார். புள்ளி மட்டும் அவருக்குக் கிடையாது.

அமெரிக்காவின் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. ரொக்கத்தைப் பயன்படுத்தும் குடும்பம் ஒவ்வொன்றும் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை அட்டை பயன்படுத்துவோருக்குத் தாரை வார்க்கிறது. அட்டை பயன்படுத்தும் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலர் பெறுகிறது என்பது அதன் மதிப்பீடு. சுமித் அகர்வால் உள்ளிட்ட பொருளியலாளர்கள் அண்மையில் செய்த மற்றோர் ஆய்வு, அட்டைதாரர்களுக்குள்ளேயே நிகழும் கைமாற்றத்தை ஆராய்ந்தது. வருமானம் எந்த அளவில் இருந்தாலும், வெகுமதி அட்டைகளால் விவரமறிந்தவர் லாபம் அடைகிறார். விவரமறியாதவர் இழக்கிறார் என்று அது கண்டது. இவ்வாறு அமெரிக்காவில் ஆண்டுதோறும் 1,500 கோடி டாலர் கைமாறுவதாகவும், படிப்பும் வசதியும் குறைந்த பகுதிகளிலிருந்து அவை மிகுந்த பகுதிகளுக்கு அது நகர்வதாகவும் மதிப்பிட்டது.

நம் நாட்டில் இதன் அளவு வேறாக இருக்கலாம். இயங்கும் முறை ஒன்றுதான். 2022 முதல் ரூபே கடன் அட்டையை யுபிஐ-யுடன் இணைக்க முடிகிறது. பேரங்காடியில் மட்டும் பயன்பட்ட கடன், இப்போது தெருமுனைக் கடையின் க்யூஆர் குறியீடுவரை வந்துவிட்டது. முதன்முறையாகச் சம்பளம் வாங்கும் இளைஞரின் கையிலும் அட்டை இருக்கிறது. பிணையற்ற நுகர்வுக் கடன்கள் வேகமாகப் பெருகுவதைக் கண்ட ரிசர்வ் வங்கி, 2023 நவம்பரில் கடன் அட்டை நிலுவைகளுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தை உயர்த்தியதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வாடிக்கையாளரைக் காக்கும் விதிகளும் இல்லாமலில்லை. ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, கேட்காமல் அட்டை அனுப்பக் கூடாது. நிலுவை இல்லாத அட்டையை மூடும்படி கேட்டால் 7 வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கெடு முடிந்து 3 நாள்களுக்கு மேல் ஆன பிறகே தாமதக் கட்டணம் விதிக்கலாம்.

ஆனால், வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறை வரம்புக்குள் வருவது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஆகவே, பொறுப்பு இப்போது ரிசர்வ் வங்கியிடமே இருக்கிறது.

அது செய்யக்கூடிய எளிய சீர்திருத்தம் ஒன்று உண்டு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் கடன் நீண்டுகொண்டே போகும் என்ற பொதுவான எச்சரிக்கை நம் பில்களில் இடம்பெறுகிறது. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிட ஒருபடி மேலே சென்றது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தினால் உங்கள் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும், மொத்தம் எவ்வளவு கட்ட நேரிடும், 36 மாதங்களில் தீர்க்க மாதம் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதை ஒவ்வொருவரின் பில்லிலும் எண்களாகவே அச்சிட வேண்டும் என்கிறது அச்சட்டம். வங்கிகளின் கணினிகளுக்கு இது ஒரு நொடி வேலை. நம் நாட்டுப் பில்களில், அந்தந்த மாநில மொழியிலும், இந்த விவரம் இடம்பெறச் செய்ய வேண்டும்.

வணிகர் கட்டணத்தையும் மறுஆய்வு செய்யலாம். டெபிட் அட்டைகளுக்கு 2012 முதல் உச்சவரம்பு இருக்கிறது. கடன் அட்டைகளுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம், கடன் அட்டைப் பரிவர்த்தனையில் வங்கிகளிடையே கைமாறும் கட்டணத்துக்கு 2015-இல் 0.3 சதவீத வரம்பு விதித்தது. அத்தகைய வரம்பு வந்தால் வெகுமதிகள் மெலியும் என்பது உண்மைதான். ஆனால், அட்டை இல்லாதவர் சுமக்கும் மறைமுகச் சுமையும் குறையும்.

கடன் அட்டையை வெறுத்து ஒதுக்க வேண்டியதில்லை. முழுத் தொகையையும் கெடுவுக்குள் செலுத்தும் உறுதி உள்ளவருக்கு அது வசதியான, ஓரளவு லாபமும் தரக்கூடிய கருவி. ஒரு மாதமாவது நிலுவை வைக்க நேரிடும் என்று தோன்றுபவருக்குப் புள்ளிகளைப் பற்றிய பேச்சே வேண்டாம். அவர் முதலில் அட்டையின் வரம்பைக் குறைக்குமாறு வங்கியிடம் கேட்பது நல்லது. ஏற்கெனவே நிலுவை உள்ளவர் அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, வட்டி குறைந்த தனிநபர்க் கடனோ, நகைக் கடனோ பெற்றாவது அதை அடைத்துவிடுவது நல்லது. 40 சதவீதத்தை ஒட்டிய வட்டியிலிருந்து விடுபடுவதைவிடப் பெரிய வெகுமதியை எந்த வங்கியும் அவருக்குத் தரப்போவதில்லை.